நைலும் செங்கடலும்: எகிப்துப் பயணம் குறித்து வாசகர் கேள்விகள்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நெருங்குவதைப் பயணப் பகுதிக்கு வரும் கடிதங்களே அறிவித்துவிடும். வழக்கமாக ஜப்பானும் நியூசிலாந்தும் நிறைந்திருக்கும் அஞ்சல் பையில் இம்முறை எகிப்து முந்திக்கொண்டிருக்கிறது. கெய்ரோவை அடுத்த கீசாவில் மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் 2025 நவம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டியே வந்திருப்பதால், அவற்றுள் ஏழைத் தேர்ந்து ஒரே இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி (ஈசூன் வாசகி): நானும் என் கணவரும், 14 வயது மகன், 9 வயது மகள், 71 வயது மாமியார் ஆகியோருமாக ஐவர் டிசம்பரில் எகிப்துக்குச் செல்கிறோம். அங்கே 11 இரவுகள் தங்கலாம். கெய்ரோ, அலெக்சாண்ட்ரியா, லக்சர், அஸ்வான், அபு சிம்பல், ஷாம் எல் ஷேக், ஹுர்காடா ஆகிய ஏழு ஊர்களையும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். இது முடியுமா?

பதில்: முடியும். ஆனால் திரும்பி வந்தபின் உங்கள் மாமியாருக்கு நினைவிருக்கப்போவது விமான நிலையங்களின் நாற்காலிகளாகத்தான் இருக்கும். ஈசூனிலிருந்து செந்தோசாவுக்குப் போய்வருவதையே ஒரு நாள் வேலையாகக் கருதிப் பழகிவிட்ட நாம், வெளிநாட்டு நிலப்படத்தைப் பார்த்ததும் தூரத்தை மறந்துவிடுகிறோம். கெய்ரோவிலிருந்து அலெக்சாண்ட்ரியா வடக்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர். லக்சர் தெற்கே 650 கிலோமீட்டருக்குக் குறையாது. அபு சிம்பலோ அஸ்வானையும் தாண்டி, சூடான் எல்லைக்கு அருகில் இருக்கிறது. ஷாம் எல் ஷேக் செங்கடலுக்கு அப்பால், சினாய் தீபகற்பத்தின் தென்முனையில் இருக்கிறது.

ஆகவே பட்டியலில் இரண்டு பெயர்களை அடித்துவிடுங்கள். முதலாவது அலெக்சாண்ட்ரியா. டிசம்பரில் மத்தியதரைக் கடற்கரையில் மழையும் குளிர்காற்றும் உண்டு. கடலில் இறங்க முடியாது. உலக அதிசயங்களில் ஒன்றாக இருந்த கலங்கரை விளக்கமும் இப்போது இல்லை. அது நின்ற இடத்தில் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கைத்பே கோட்டைதான் இருக்கிறது. 2002இல் திறக்கப்பட்ட புதிய நூலகத்தைக் காணவேண்டும் என்ற தனி ஆர்வம் உங்கள் வீட்டில் யாருக்கேனும் இருந்தாலொழிய அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது ஷாம் எல் ஷேக். அதன் பவளப்பாறைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நைல் கரையிலிருந்து அங்கே செல்ல மீண்டும் விமானம் ஏறவேண்டும். ஹுர்காடாவோ நைல் இருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. லக்சரில் காலை உணவை முடித்துக்கொண்டு வாகனத்தில் புறப்பட்டால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடலாம்.

எஞ்சியவற்றை இப்படி அடுக்கலாம். கெய்ரோவில் மூன்று இரவுகள் தங்கி, அங்கிருந்து விமானத்தில் அஸ்வானுக்குச் சென்று ஓரிரவு தங்குங்கள், பின்னர் அஸ்வானிலிருந்து லக்சர் வரை மூன்று இரவுகள் கப்பலில், லக்சரில் ஓரிரவு, அதன்பின் பாலைவனத்தைக் கடந்து செங்கடற்கரையில் மூன்று இரவுகள், ஹுர்காடாவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் கெய்ரோ வந்து வீடு திரும்பலாம். பலர் லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்குகிறார்கள். அந்தத் திசையில் செல்லும் கப்பல்கள் பெரும்பாலும் நான்கு இரவுகள் எடுத்துக்கொள்வதோடு, பயணம் முடியும் இடமும் கடலுக்கு வெகுதொலைவில் அமைந்துவிடுகிறது. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் அஸ்வானிலிருந்து வருவது நீரோட்டத்தோடு வருவது. அதைவிட முக்கியமாக, கப்பலை விட்டு இறங்கும் இடத்திலேயே உங்களுக்குக் கடலுக்கான சாலை தொடங்கிவிடும்.

அபு சிம்பலை அடிக்கவில்லை. ஆனால் ஐவரும் போகவேண்டியதில்லை. அஸ்வானிலிருந்து 280 கிலோமீட்டர். விடியுமுன் புறப்பட்டு, போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. அஸ்வான் அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கவிருந்த அங்குள்ள கோயில்களை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில், கரையிலிருந்து 200 மீட்டர் உள்ளே தள்ளி மீண்டும் பொருத்தினார்கள். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் அக்டோபரிலும், கருவறை வரை காலைக்கதிர் விழும்படி அமைந்திருந்த அந்தக் கணக்கும் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள். 14 வயதுப் பையனுக்கு இந்தக் கதையை அந்த இடத்தில் நின்று கேட்பது பிடிக்கும். தந்தையும் மகனும் போய்வரட்டும்; நீங்கள் மூவரும் அஸ்வானில் படகேறி ஃபிலே தீவுக் கோயிலைப் பாருங்கள். அதுவும் அதே அணைக்காக அடுத்த தீவுக்கு இடம் மாற்றப்பட்ட கோயில்தான்.

கப்பலைப் பற்றி ஒரு செய்தி. விளம்பரப் படத்தில் கப்பல் ஆற்றின் நடுவே தனியாக மிதக்கும். துறையில் நிற்கும்போதோ நான்கைந்து கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடுவார்கள். கரைக்குப் போக மற்றக் கப்பல்களின் வரவேற்புக் கூடங்கள் வழியாகத்தான் நடக்கவேண்டும். என் முதல் பயணத்தில், சூரிய உதயம் காணலாம் என்று ஆசையோடு திரையை விலக்கினேன். ஒரு முழ தூரத்தில், பக்கத்துக் கப்பலின் சன்னலுக்குள், ஒருவர் வாயில் பல்துலக்கியுடன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் திரையை மூடினோம். ஆகவே அறையில் பெரிய சன்னல் வேண்டும் என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், காட்சியெல்லாம் மேல்தளத்தில்தான். எஸ்னா மதகில் கப்பல் காத்திருக்கும்போது சிறு படகுகளில் வரும் வியாபாரிகள் மேசைவிரிப்புகளையும் நீள அங்கிகளையும் உருட்டிக் கீழிருந்து மேல்தளத்துக்கு எறிவதும், வேண்டாதவர்கள் திருப்பி எறிவதும், விலை பேசி முடிந்தால் பணத்தைப் பையில் வைத்து எறிவதுமாக நடக்கும் சந்தையை உங்கள் மகள் எந்தக் கோயிலைவிடவும் அதிகமாக நினைவில் வைத்திருப்பாள்.

கேள்வி (தோ பாயோ வாசகர்): எனக்கு வயது 63; முழங்காலில் தேய்மானம் உண்டு. பெரிய பிரமிடின் உள்ளே செல்லத் தனிக் கட்டணம் என்கிறார்கள். அவ்வளவு தூரம் போய்விட்டு உள்ளே போகாமல் வருவது சரியா?

பதில்: வெளியே நின்று பாருங்கள், அதுதான் பிரமிடு. ஏறத்தாழ 23 லட்சம் கற்களால் ஆன அந்தக் கட்டுமானம் தொடக்கத்தில் 146 மீட்டர் உயரம் இருந்தது. மேலுறைக் கற்கள் போனபின் இப்போது ஏறத்தாழ 138 மீட்டர். டக்ஸ்டனில் உள்ள 50 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கட்டடத்தின் உயரம் 156 மீட்டர் என்றால், 4500 ஆண்டுகளுக்கு முன் இரும்புக் கருவியின்றி எழுப்பப்பட்ட ஒன்று அதைவிட எவ்வளவு குறைவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உள்ளே செல்லும் வழியில், ஏறத்தாழ 1.2 மீட்டரே உயரமுள்ள சரிவுப் பாதையில் குனிந்தபடியே ஏறவேண்டும். அதே பாதையில் எதிரே இறங்குபவர்களுக்கும் ஒதுங்கவேண்டும். அதைத் தாண்டினால் எட்டரை மீட்டர் உயரத்துக்கு ஓங்கி நிற்கும் பெரும்படிப்பாதை வரும்; அது வியப்பூட்டுவதுதான். அதன் முடிவில் அரசர் அறை: கருங்கல் சுவர்கள், மூடியில்லாத ஒரு கல்பெட்டி. ஓவியமோ எழுத்தோ சிலையோ கிடையாது. காற்று புழுக்கமாக இருக்கும். முழங்கால் ஒத்துழைக்காதவருக்கும், மூடிய இடங்களில் அச்சப்படுபவருக்கும் இது வேண்டாத சோதனை. சுவர் நிறைய வண்ணம் பார்க்க விரும்பினால் அந்தப் பணத்தை லக்சரில் அரசர் பள்ளத்தாக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பல கல்லறைகளின் பாதை அகலமானது, நிமிர்ந்தே நடக்கலாம்.

கீசா வளாகத்துக்குள் இப்போது மின்சாரப் பேருந்துகள் ஓடுவதால் நடை குறைந்திருக்கிறது. மாபெரும் அருங்காட்சியகத்தை அதே நாளில் பிற்பகலுக்குத் தள்ளாமல், தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். மின்தூக்கிகளும் உட்கார இடங்களும் இருக்கின்றன. இளம் அரசன் துத்தன்காமுனின் கல்லறையில் கிடைத்த 5000க்கும் மேற்பட்ட பொருள்கள் முதன்முறையாக ஒரே இடத்தில் இருக்கின்றன. பொன் முகமூடியைச் சுற்றிக் கூட்டம் நெரியும். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவன் அணிந்த செருப்புகளையும் கைத்தடிகளையும் பொறுமையாகப் பாருங்கள். பதின்ம வயதில் அரியணையில் இருக்கும்போதே இறந்துபோன ஒரு பையன் அங்கேதான் தெரிவான். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்திலேயே முன்கூட்டி வாங்கிவிடுங்கள்.

கேள்வி (கிளமெண்டி வாசகி): எகிப்தியக் கோயில்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், மூன்றாவது கோயிலிலேயே அலுத்துவிடும் என்று போய்வந்த தோழி சொல்கிறாள். உண்மையில் எத்தனை கோயில் போதும்?

பதில்: அலுப்பு கோயிலால் வருவதில்லை, பார்க்கும் வரிசையால் வருகிறது. வழிகாட்டிகள் அரசர் பெயர்களையும் ஆண்டுகளையும் அடுக்கிக்கொண்டே போவார்கள். அவற்றை ஒரு காதில் வாங்கிக்கொண்டு, கோயிலின் அமைப்பை மட்டும் பாருங்கள். தமிழர்களுக்கு அதைப் புரிந்துகொள்ளப் பாடநூல் தேவையில்லை. முகப்பில் இரண்டு பெரும் கற்சுவர்கள் கோபுரம்போல் நிற்கும். அதன் உள்ளே திறந்தவெளி முற்றம். பொதுமக்கள் அதற்குமேல் செல்ல முடியாது. அதன்பின் தூண்கள் நிறைந்த மண்டபம். பிறகு அறைகள் ஒவ்வொன்றாகச் சிறுத்து, தரை மெல்ல உயர, கூரை மெல்லத் தாழ, வெளிச்சம் குறைந்துகொண்டே போய், கடைசியில் இருண்ட ஒரு சிறு கருவறை. அதற்குள் இருந்த தெய்வ உருவை அர்ச்சகர்கள் நாள்தோறும் துயிலெழுப்பி, நீராட்டி, உடுத்தி, உணவு படைத்தார்கள். நம் கோயிலுக்கும் இதற்கும் வரலாற்று உறவு என்று கதை கட்டத் தேவையில்லை. ஆனால் இந்தக் கண்ணோடு போகிறவருக்கு எது எதற்காகக் கட்டப்பட்டது என்பது தானாகவே விளங்கும்.

இந்த அமைப்பு சிதையாமல் முழுமையாக நிற்பது எட்ஃபு கோயிலில்தான். கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57 வரை கட்டிய அதன் முகப்பு 36 மீட்டர் உயரம். கூரை இன்னும் இருப்பதால், இருள் படிப்படியாகக் கூடுவதை உணர முடியும். கப்பலில் வருபவர்களைப் பெரும்பாலும் விடியற்காலையிலேயே அங்கே இறக்கிவிடுவார்கள். தூக்கக் கலக்கத்தில் அதைத் தவறவிடாதீர்கள்.

கர்னாக் வேறு வகை. பல அரசர்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுகளாகக் கட்டிச் சேர்த்துக்கொண்டே போன வளாகம் என்பதால் அதில் ஒழுங்கைத் தேடினால் தலை சுற்றும். அங்கே 134 தூண்கள் நிற்கும் மண்டபம் ஒன்று போதும். நடுவரிசையில் உள்ள 12 தூண்கள் 21 மீட்டர் உயரம். அண்ணாந்து பார்த்தால் உத்தரங்களின் அடிப்பக்கத்தில், வெயில் படாத இடங்களில், பழைய நீலமும் செம்மையும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். வழிகாட்டி அதைப் பெரும்பாலும் காட்டமாட்டார், நேரமிருக்காது.

கர்னாக்கிலிருந்து லக்சர் கோயில் வரை சிங்க உடல் சிலைகள் இருமருங்கும் வரிசையாக அமைந்த 2.7 கிலோமீட்டர் வழியை 2021 நவம்பரில் மீண்டும் திறந்தார்கள். மாலையில் அதில் நடந்துபாருங்கள். பழங்காலத்தில் ஒபெட் திருவிழாவின்போது ஆமுன் தெய்வத்தின் உருவைப் படகு வடிவப் பல்லக்கில் வைத்து, அர்ச்சகர்கள் தோளில் சுமந்து, ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு எழுந்தருளச் செய்தார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து முருகன் வெள்ளித்தேரில் கியோங் சைக் சாலை விநாயகர் கோயிலுக்குப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. லக்சர் கோயிலின் உள்ளேயே, பழைய சுவர்களின்மேல், அபு ஹக்காக் பள்ளிவாசல் நிற்கிறது. அந்தப் பெரியவரின் ஆண்டு விழாவிலும் இன்றுவரை ஊர்வலத்தில் படகுகளை இழுத்துச் செல்கிறார்கள்.

லக்சரில் நைலின் மேற்குக் கரையில் உள்ள அரசர் பள்ளத்தாக்குக்கு ஓர் அரைநாள் கொடுங்கள். பொதுச்சீட்டில் மூன்று கல்லறைகளைப் பார்க்கலாம். துத்தன்காமுன், முதலாம் சேத்தி ஆகியோரின் கல்லறைகளுக்குத் தனிச்சீட்டு. 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த துத்தன்காமுன் கல்லறை மிகச் சிறியது. பொருள்கள் எல்லாம் கெய்ரோவுக்குப் போய்விட்டன, அரசனின் உடல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. கையில் பணம் ஒரு தனிச்சீட்டுக்குத்தான் என்றால், ஓவியத்துக்காக முதலாம் சேத்தியைத் தேர்ந்தெடுப்பேன். ஆக எட்ஃபு, கர்னாக், லக்சர், அஸ்வானில் ஃபிலே, வழியில் முதலைத் தெய்வத்துக்கும் பருந்துத் தெய்வத்துக்கும் இரட்டைக் கருவறை வைத்த கோம் ஓம்போ: ஐந்து போதும். ஹட்ஷெப்சுட் அரசியின் கோயிலைத் தொலைவிலிருந்து, மலையோடு சேர்த்துப் பார்ப்பதே அழகு.

கேள்வி (பொங்கோல் வாசகர்): டிசம்பரில் விலை அதிகம். ஜூன் விடுமுறையில் போனால் என்ன?

பதில்: ஜூனில் லக்சரிலும் அஸ்வானிலும் பகல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போகும். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள்தாமே என்று எண்ணவேண்டாம். இங்கே நிழல் உண்டு, மழை உண்டு, பத்தடிக்கு ஒரு குளிர்சாதனக் கடைத்தொகுதி உண்டு. பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் மலை நாலாபுறமும் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும். ஜூன்தான் முடியும் என்றால் கெய்ரோவில் மூன்று நாள், மீதி முழுவதும் கடற்கரை என்று வைத்துக்கொண்டு, தென்பகுதியை இன்னொரு டிசம்பருக்கு விட்டுவிடுங்கள். டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் விலை உச்சத்துக்குப் போகும். நவம்பர் இறுதியில் பள்ளி மூடியவுடன் கிளம்புபவர்களுக்குக் கட்டணமும் கூட்டமும் குறைவு. இரவில் பாலைவனக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்பதால் தடித்த மேலாடை ஆளுக்கு ஒன்று கட்டாயம்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): நாங்கள் சைவ உணவினர், முட்டையும் சேர்ப்பதில்லை. 10 நாள் ரொட்டியும் பழமுமாகத்தான் ஓட்டவேண்டுமா?

பதில்: இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடையளிக்கிறேன், ஏனென்றால் எகிப்தியர்களின் அன்றாட உணவு பாதிக்குமேல் பருப்புதான். அரிசி, மைசூர்ப் பருப்பு வகை, மக்ரோனி, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, தக்காளிக் குழம்பை ஊற்றி, மொறுமொறுவென்று பொரித்த வெங்காயத்தைத் தூவித் தரும் கோஷரி தெருக்கடையிலேயே கிடைக்கும். பூண்டு கலந்த காடியும் மிளகாய்க் குழம்பும் மேசையில் இருக்கும். மிளகாயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பாருங்கள், நம் நாக்கையே அசைத்துவிடும். காலையில் மொச்சை வகைப் பயற்றை வேகவைத்து மசித்த ஃபுல்; அதே பயற்றைக் கீரைகளோடு அரைத்துப் பொரித்த தாமியா, பிட்டால் உள்ளே பச்சையாக இருக்கும், நம் மசால்வடைக்குச் சித்தப்பா முறை.

எச்சரிக்கை வேண்டியது முலுகியா என்ற கீரைக் குழம்பில். பெயர் கீரையானாலும் பெரும்பாலும் கோழி ரசத்தில்தான் வேகவைப்பார்கள். "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் கோழி இறைச்சியில் சேராது என்று நினைப்பவர்களும் உண்டு, நம் ஊர் உணவங்காடியில் நெத்திலியைக் காய்கறிக் கணக்கில் சேர்ப்பவர்களைப்போல. அதைவிட எளிய வழி "சியாமி" என்ற சொல். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் ஆண்டில் 200 நாள்களுக்கு மேல் இறைச்சி, முட்டை, பால் ஏதுமின்றி நோன்பிருப்பார்கள். அந்த நோன்பு உணவுக்குப் பெயர் சியாமி. டிசம்பர் முழுவதும் அவர்களுடைய கிறிஸ்துமஸ் நோன்புக்காலம் என்பதால் கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். சில நோன்புகளில் மீன் உண்டு என்பதால் மீனும் வேண்டாம் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவசரத்துக்குத் தேக்காவில் ஒரு பொட்டலம் பருப்புப்பொடியும் ஊறுகாயும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால் கப்பலின் வெறும் சோறும் விருந்தாகிவிடும்.

கேள்வி (ஜூரோங் வாசகர்): பணம், விசா, ஏமாற்றுக்காரர்கள் ஆகியவற்றில் எவற்றைக் கவனிக்கவேண்டும்?

பதில்: விசா விதி கடவுச்சீட்டுக்குக் கடவுச்சீட்டு வேறுபடும். வீட்டில் ஒருவர் சிங்கப்பூர்க் குடியுரிமையும் மற்றவர் இந்தியக் கடவுச்சீட்டோடு நிரந்தரவாசத் தகுதியும் கொண்டிருந்தால் இருவருக்கும் ஒரே வழிமுறை பொருந்தும் என்று எண்ணவேண்டாம். விமானச்சீட்டு வாங்குமுன் சிங்கப்பூரிலுள்ள எகிப்தியத் தூதரகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். ஆளில்லா வானூர்திக் கேமரா (டிரோன்) வைத்திருக்கும் பிள்ளைகளிடம் அதை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். அனுமதியின்றி அதை எகிப்துக்குள் கொண்டுசெல்லத் தடை இருக்கிறது, விமான நிலையத்திலேயே பறிபோகும். சுவரிலுள்ள மின்செருகு துளைக்கு இரண்டு உருண்டை முனைகள் கொண்ட மாற்றி வேண்டும்.

2024 மார்ச்சில் எகிப்திய பவுண்டின் மதிப்பு பெருமளவில் இறங்கியது. ஆகவே அதற்கு முன் போய்வந்தவர்கள் சொல்லும் விலைகளை மறந்துவிடுங்கள். பெரும்பாலான தொல்லிடங்களில் நுழைவுச்சீட்டை வங்கி அட்டையில்தான் வாங்கமுடியும். மாணவர் அட்டை காட்டினால் பாதிக் கட்டணம் என்பதால் பிள்ளைகளின் அட்டைகளை மறக்காதீர்கள். ரொக்கம் வேண்டியது பக்ஷீஷுக்குத்தான். கழிவறை வாசலில் தாள் நீட்டுபவர், பெட்டியைத் தூக்குபவர், பூட்டிய கதவைத் திறந்து காட்டுபவர் என எல்லாருக்கும் சிறு தொகை கொடுப்பது அங்கே வழக்கம். சட்டைப்பையில் சில்லறைத் தாள்களைத் தனியே வைத்துக்கொண்டால் எரிச்சல் பாதி குறையும். கேட்காமலே உங்கள் கைபேசியை வாங்கிப் படமெடுத்துத் தருபவரும் அதே தொகையைத்தான் எதிர்பார்க்கிறார்.

ஒட்டகம் ஏறுமுன் விலையைப் பேசும்போது, அது ஏறுவதற்கும் இறங்குவதற்கும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள். இரண்டரை மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்கும் கட்டணத்துக்குப் பேரம் பேசியவன் நான். ஒட்டகத்துக்கோ எந்த அவசரமும் இல்லை.

லக்சரில் வெப்பக்காற்றுப் பலூனில் ஏற விரும்புவோர், தங்கள் பயணக் காப்புறுதி அதை உள்ளடக்குகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். 2013 பிப்ரவரியில் அங்கே நடந்த பலூன் விபத்தில் 19 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் விதிகள் கடுமையாயின என்றாலும், காற்று சரியில்லை என்று விமானி மறுக்கும் நாளில் வற்புறுத்தாதீர்கள். புறப்படுமுன் நம் வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிவுசெய்துகொள்வதும் நல்லது; கெய்ரோவில் நமக்குத் தூதரகம் இருக்கிறது.

கேள்வி (பிடோக் வாசகர்): கோயில்களைப் பார்த்தபின் மூன்று நாள் கடலில் ஓய்வெடுக்க விரும்புகிறோம். ஹுர்காடா விடுதிகள் செந்தோசாவைப்போல்தான் இருக்கும், அதற்கு ஏன் அவ்வளவு தூரம் என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: நீச்சல்குளத்தையும் சாய்வு நாற்காலியையும் மட்டும் பார்த்தால் உங்கள் மகள் சொல்வது சரி. ஹுர்காடா நகரமும் சாலையோர விடுதிகளும் இரைச்சல் மிகுந்தவை. ஆனால் நீருக்குள் முகத்தை அமிழ்த்தினால் செந்தோசா அங்கே இல்லை. மழையும் ஆறும் வந்து கலக்காத கடல் என்பதால் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். பல இடங்களில் கரையிலிருந்து மரப்பாலத்தில் நடந்து இறங்கினாலே பவளப்பாறை. பாறையை மிதிக்கவோ தொடவோ கூடாது, காலில் இரப்பர் செருப்பு வேண்டும். டிசம்பரில் நீர் 23 டிகிரி அளவில் இருக்கும். நம்மவர்களுக்குச் சில்லென்று இருக்கும், காற்றும் வீசும், மெல்லிய நீச்சல் உடுப்பு வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உருளையைக் கட்டிக்கொண்டு ஆழ்கடலில் முக்குளிப்பவர்கள், பலமுறை முக்குளித்திருந்தால் கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. ஆகவே கடைசி நாளைக் கரைக்கு ஒதுக்குங்கள்.

கூட்டம் வேண்டாதவர்களுக்கு நான் சொல்வது இன்னும் தெற்கே, சஃபாகா துறைமுகத்தைத் தாண்டி 85 கிலோமீட்டரில் உள்ள குசெய்ர். 16ஆம் நூற்றாண்டு உதுமானியக் கோட்டையும், ஹஜ் பயணிகள் கப்பலேறிய காலத்துப் பழைய வீடுகளும், கடலோரத்தில் மீன் வறுக்கும் கடைகளும் உள்ள சிற்றூர். ஊருக்கு வடக்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரில், கடற்கரை விடுதிக்குப் பக்கத்திலேயே, பழைய குசெய்ர் என்ற தொல்லிடம் இருக்கிறது. பார்க்க மணல்மேடுகள்தாம், சுற்றுலாப் பேருந்து எதுவும் நிற்காது. ஆனால் அதுதான் உரோமர் காலத்தில் மியோஸ் ஹோர்மோஸ் என்று பெயர்பெற்ற துறைமுகம். அங்கிருந்து ஆண்டுதோறும் 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று கிரேக்க நிலவியலாளர் ஸ்டிராபோ எழுதிவைத்தார். நைல் கரையிலிருந்து அத்துறைக்கு வர ஒட்டகங்களுக்கு ஆறேழு நாள் பிடித்தது. நீங்கள் லக்சரிலிருந்து சில மணி நேரத்தில் கடக்கப்போவதும் அதே மலைகளுக்கிடையேதான். கோயிலையும் கடலையும் இரண்டு தனித்தனி விடுமுறைகளாக நாம்தான் பிரித்துக்கொள்கிறோம். அந்த நாட்டில் அவை ஒரே வணிகப் பாதையின் இரு முனைகளாக இருந்தன.

கெய்ரோவில் அரச உடல்கள் வைக்கப்பட்டிருக்கும் எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்தில் இரண்டாம் ராம்சேஸைப் பார்த்திருப்பீர்கள். கி.மு. 1213இல் இறந்த அவ்வரசனின் மூக்குத்துளைகளில் பதப்படுத்தியோர் வைத்திருந்தது மிளகு. குசெய்ருக்கும் தெற்கே பெரெனிக்கே துறையில், ஒரு கோயில் முற்றத்தில் புதைந்திருந்த இந்தியச் சாடியில் ஏழரைக் கிலோவுக்குச் சற்று மேலாக மிளகு அப்படியே கிடைத்தது.

பழைய குசெய்ரில் 1999 முதல் 2003 வரை சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது, இந்தியாவில் வனைந்த சேமிப்புப் பானை ஒன்றின் உடைந்த துண்டு அகப்பட்டது. ஏறத்தாழ 2000 ஆண்டு பழமையான அந்தப் பானையின் இரு பக்கங்களிலும் ஒரே சொற்கள் தமிழ் பிராமி எழுத்தில் கீறப்பட்டிருந்தன. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைப் படித்துச் சொன்னார்: "பானை ஒறி". உறியில் தொங்கவிடும் பானை. அரசர் பெயரோ கடவுள் பெயரோ அன்று. கப்பலில் எதை எங்கே தொங்கவிடுவது என்பதற்காக யாரோ ஒருவர் எழுதிவைத்த குறிப்பாக இருக்கலாம். அந்த மணல்மேட்டின்மேல் உங்கள் மகளை நிறுத்தி, இதைச் சொல்லி, செந்தோசாவைப்போல் இருக்கிறதா என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள்.